இடது கைக்கு ஒரு நிப்

ஜனவரி 9

தம்பிக்கு,

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து சிறிதாகவும் விழுகிறது. ‘ழ’ வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தப் பக்கத்துக்கு இரண்டு காலை நேரம் போய்விட்டது. ஆனால் நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. எழுதுவது உன் அண்ணன்தான்.

போன வருஷம் கண்ணில் புரை எடுத்த பிறகு, பக்கத்துத் தெரு நூலகத்தில் காலை வகுப்புக்குப் போகிறேன். உன்னிடம் சொல்லாதே என்று, இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற உன் மகனிடம் சொல்லிவைத்தேன், அதனால் உனக்குத் தெரியாது. கறி வெட்டுகிறவர் ஒருவர், அலுவலகம் துடைக்கிற அம்மாக்கள் இரண்டு பேர், நான். சொல்லித் தருவது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. முதல் நாள் எல்லாருக்கும் பென்சில் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

“ஏன் ஐயா, பென்சில்னா தப்பை அழிச்சுக்கலாம்ல?” என்றார்.

“எழுபத்து மூணு வயசுல அழிச்சு எழுத நேரம் இல்லம்மா” என்றேன். அறையே சிரித்தது.

உனக்குத் தெரியும், நம் பேனாக் கடையின் பின் மேசையில் நாற்பத்தொன்பது வருஷம் நிப் தீட்டினேன், ஒரு எழுத்து எழுதியதில்லை. எட்டு போடுவேன். படுக்கவைத்த எட்டு, வரிசையாக. நிப் தாளைக் கீறுகிறதா, மையைக் கக்குகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். யாராவது, “பெரியவரே, உங்க கையால என் பேரை எழுதிக் காட்டுங்க” என்று கேட்டால் நீ முன்னால் இருந்து, “அண்ணன் எட்டு மட்டும்தான் போடுவாரு. எழுதினா நிப்பு அவர் கைக்குப் பழகிடும், அப்புறம் உங்களுக்கு ஒத்து வராது” என்பாய். அவர்களும் பெரிய ரகசியம் கேட்டதுபோலத் தலையாட்டுவார்கள். நல்ல பொய். என் மானத்தைக் காப்பாற்றிய பொய்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். எட்டில் திரும்புகிற நிப் ‘ஞ’வில் திரும்புமா? இத்தனை ஆயிரம் பேருக்கு நல்ல நிப் என்று கொடுத்தேனே, அதில் எத்தனை ‘ஞ’வில் மாட்டிக்கொண்டதோ!

இந்தக் கடிதத்துக்கு மூன்று பேனா எடுத்துப் பார்த்தேன். பட்டை நிப்பில் ‘க’வின் வயிறு மூடிக்கொண்டது. ஊசி நிப் தாளைக் கிழித்தது. நடு நிப்தான் சரி. சுழிக்குள் கொஞ்சம் வெளிச்சம் தெரியவேண்டும், அப்போதுதான் அது எழுத்து, இல்லாவிட்டால் கறை. தாளிலும் அப்படித்தான். பளபளப்பான தாளில் மை காய்வதற்குள் என் கை அதை மெழுகிவிடுகிறது. மட்டமான தாளில் நான் யோசிக்கிற நேரத்துக்குள் மை வேர் விடுகிறது. வேகமாக எழுதுகிறவர்களுக்கு எந்தத் தாளும் தாள்தான். என்னைப் போன்றவனுக்கு மை குடிக்காத, வழுக்காத, தடித்த தாள் வேண்டும். உன் மகனிடம் கேட்டு வாங்கினேன். மை நீலக்கருப்பு. எழுதும்போது நீலம், மறுநாள் பார்த்தால் கருப்பு. நேற்று எழுதிய வரி இப்போது கருத்திருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் இருக்கிறது.

இன்னொன்று. தகர டப்பாவில் என் மகளின் கடிதங்கள் பதினொன்று இருக்கின்றன. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனபின் இரண்டு வருஷம் எழுதினாளே, அவை. அப்புறம் இருபத்து மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை. அப்போது எல்லாவற்றையும் உன் குரலில் கேட்டேன். இனி நானே படிக்கப்போகிறேன். வாரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்ததும் என் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். இந்த வயதில் இப்படி ஒரு ஆசை! நர்ஸம்மா அழகானவரா என்று மருமகன் கேட்கச் சொன்னான்.

நடு நிப்தான் உங்களுக்குச் சரி. ஆனால் அழுத்துகிறீர்கள். தாளைத் திருப்பி விரலால் தடவினால் மேடு மேடாக இருக்கிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் “அழுத்தாதீங்க, பேனா தானா எழுதும்” என்று சொன்னவர் நீங்கள்!

கடிதத்தில் பதினான்கு பிழை இருந்தது. சிவப்பு மையில் திருத்தி இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். தப்பாக நினைக்கவேண்டாம், கற்றுக்கொள்வதற்குத்தான்.

அந்த டப்பாவைக் கிளறவேண்டாம் என்பது என் எண்ணம். ஆபரேஷன் செய்த கண். பழைய தாள், பொடி எழுத்து. படித்து என்ன ஆகப்போகிறது? எல்லாம் நான் படித்துக் காட்டியதுதானே. புதிதாக ஒன்றும் முளைத்திருக்காது. நல்ல பெரிய எழுத்தில் கதைப் புத்தகம் வாங்கிப் படியுங்கள்.

நான் இங்கே நலம். முழங்கால் வலிதான் பாடாய்ப் படுத்துகிறது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

திருத்தியது வந்தது. அது மட்டமான சிவப்பு. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் பிரிந்து நிற்கிறது. அந்த மையை நம் கடையில் வைக்காதே என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பதினான்கையும் திருத்தி எழுதிப் பழகிவிட்டேன்.

வாரத்துக்கு ஒன்று என்று இருந்தேன், பொறுக்கவில்லை. ஐந்து படித்துவிட்டேன்.

தம்பி, அவளுக்கு நான் தீட்டிக் கொடுத்த நிப் எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா! இடது கைக்காரிக்கு எழுதுகிற கையே எழுதியதன்மேல் போகும், ஈர மை புறங்கையில் அப்பும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அவள் கை ஓரம் நீலமாக இருக்கும். நீ “பீச்சாங்கை மகராணி வந்துட்டா, மை அள்ளிட்டு வந்திருக்கா” என்பாய். அதற்காகத்தான் நுனியை ஒரு பக்கமாகச் சாய்த்து, மை குறைவாக இறங்கும்படி தீட்டினேன். எட்டு நாள் வேலை. ஐந்து கடிதத்திலும் ஒரு இழுப்பு இல்லை, ஒரு கறை இல்லை. நீலக்கருப்பு மை இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் கல்லில் வெட்டியதுபோல் நிற்கிறது. அன்றைக்கு வரியின் அழகை மட்டும் பார்த்தேன். இன்றைக்கு அது என்ன சொல்கிறது என்பதும் தெரிகிறது.

அதைத்தான் கேட்க எழுதுகிறேன்.

இரண்டாவது கடிதத்தில் எழுதியிருக்கிறாள்: “அப்பா, நீங்கள் இங்கே வந்து என்னோடு இருங்கள். ஆறு மாதம் போதும், நான் எழுத்துச் சொல்லித் தருகிறேன். வேறு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.” இதை நீ படிக்கவில்லை. அந்த இடத்தில், “இங்கே நல்ல மழை” என்று படித்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுத்துத் தெரியாதவனுக்குக் கேட்டது மறக்காது.

மூன்றாவதில்: “சித்தப்பா, இந்த வரியைத் தாண்டாமல் அப்பாவுக்குப் படியுங்கள். அப்பா, எப்போது வருகிறீர்கள்?” அதற்கும் மழைதான் பெய்தது.

ஐந்தாவதில்: “சித்தப்பா, போன தடவையும் தாண்டிவிட்டீர்கள். பதிலிலிருந்தே தெரிகிறது.” அங்கே நீ, “வெள்ளம்கூட வந்துச்சாம் அண்ணே” என்றாய். நான் இரண்டு நாள் கவலைப்பட்டேன், வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்குமோ என்று.

அவள் ஊரில் அந்த இரண்டு வருஷம் எத்தனை மழை! ஐந்து கடிதத்தையும் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு சொட்டு இல்லை.

ஏன் தம்பி?

அண்ணன்


பிப்ரவரி 12

அண்ணனுக்கு,

ஆமாம், தாண்டினேன். இருபத்தைந்து வருஷம் கழித்து விசாரணை வைக்கிறீர்கள்.

எட்டுப் பக்கம் எழுதுவாள். கடை பூட்டுகிற நேரம், காலையிலிருந்து நின்ற கால். நீங்கள் எதிரில் உட்கார்ந்து எட்டு போட்டுக்கொண்டே கேட்பீர்கள். நான் தாளைப் பார்த்துப் படித்தது பாதி, உங்கள் முகத்தைப் பார்த்துப் படித்தது பாதி. அவள் உங்களைத் திட்டிய இடங்களையும்தான் தாண்டினேன். நாலாவது கடிதத்தில் “என் கல்யாணத்துக்கு வராமல் பேனாக் கடையில் உட்கார்ந்திருந்தவர்” என்று எழுதியிருந்தாளே, அதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் மூச்சே இல்லை. உங்களுக்கும் தாண்டத் தெரிகிறது.

வந்து இருங்கள் என்றுதானே எழுதினாள். படித்திருந்தால் போயிருப்பீர்களா? உங்கள் மருமகன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொன்னது நானா? நீங்கள் போகமாட்டீர்கள் என்று தெரிந்த பிறகு அதைப் படித்து உங்களை அழவைப்பானேன்?

உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நீங்களே எழுதினீர்கள். அரை நூற்றாண்டு உங்கள் கண்ணாக இருந்தவனுக்கு இதுதான் மரியாதை. இருக்கட்டும்.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

நீ சொன்னதில் பாதி சரி. கல்யாணத்துக்குப் போகாதது என் தப்பு. அந்த வரியை நான்கு தடவை படித்தேன், அப்புறம் டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். உனக்கு எழுதக் கூச்சமாக இருந்தது.

பதினொன்றையும் முடித்துவிட்டேன். இப்போது எனக்கு வேண்டியது பன்னிரண்டாவது.

நீ மறந்திருக்கமாட்டாய். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் கடிதத்தை ஆட்டிக்கொண்டு, “அண்ணே, மகராணி எழுதியிருக்கா” என்று உள்ளே வந்தாய். நான் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தேன். அதோடேயே வாங்கிப் பார்த்தேன். உறையிலும் உள்ளேயும் கொழகொழவென்று தடித்த கோடு. வரிக்கு வரி இழுப்பு. பாதி எழுத்து கையில் அப்பிப்போய் இருந்தது.

“இது என் நிப் இல்ல” என்றேன்.

“இல்லாட்டி என்ன? எழுதினது அவதானே.”

“தூக்கிப் போட்டுட்டா. எட்டு நாள் உட்கார்ந்து தீட்டினதைத் தூக்கிப் போட்டுட்டு எவன் பேனாவையோ எடுத்து எழுதுறா. என் முகத்துல அடிக்கிற மாதிரி.”

“படிக்கட்டுமா வேணாமா?”

“படிக்காத. கோட்டைப் பார்த்தாலே தெரியுது. கிழிச்சுப் போடு.”

நீ எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அவளே என்னை வேண்டாம் என்று முடித்துவிட்டாள் என்று இருந்துவிட்டேன்.

பதினொரு கடிதத்தையும் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினோராவதில் சண்டையே இல்லை. குழந்தைக்குப் பல் முளைத்த கதைதான். அதை எழுதியவள் அடுத்த கடிதத்தில் ஏன் என் நிப்பைத் தூக்கிப் போடவேண்டும்?

நீ கிழிக்கிற ஆள் இல்லை. பழைய ரசீதுத் துண்டைக்கூட எடுத்து வைக்கிறவன். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அனுப்பு. எனக்கு அவளைப் பார்க்கவேண்டும் தம்பி. பார்ப்பதற்கு முன் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று தெரியவேண்டும்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணனுக்கு,

இதோடு இருக்கிறது. கிழிக்கவில்லை. படித்துக்கொள்ளுங்கள், இனி உங்களுக்கு யார் தயவும் வேண்டாமே.

படிப்பதற்கு முன் என் பக்கத்தையும் கேளுங்கள். அன்றைக்கே நான் படித்தேன். நீங்கள் கேட்டால் கொடுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. எழுத்துத் தெரியாது, ஆனால் கோட்டைப் படிக்கத் தெரியும் என்கிற கர்வம் உங்களுக்கு. படித்தீர்கள். தப்பாகப் படித்தீர்கள். அதற்கும் நான்தான் பொறுப்பா?

நானே வலிய வந்து சொல்லியிருக்கலாம், உண்மைதான். ஏன் சொல்லவில்லை? உடைத்தே சொல்கிறேன். அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால் அடுத்த வண்டியில் போயிருப்பீர்கள். போனவர் திரும்பியிருக்கமாட்டீர்கள். அப்புறம் பின் மேசையில் யார்? வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்களே, என் சிரிப்பைப் பார்க்கவா வந்தார்கள்? உங்கள் கைக்காக வந்தார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு நிப் தீட்ட வராது. சிறுவயதில் நீங்கள் என் கையைப் பார்த்து, “இது உளி பிடிக்கிற கை, நீ முன்னாடி போய்ப் பேசு” என்று சொன்னீர்களே. அன்றிலிருந்து முன்னால் நின்று பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கடைக்குப் பெயர் உங்களால். நான் பேசுகிறவன்.

உங்களுக்கு என்ன குறை வைத்தேன்? வேளைக்குச் சாப்பாடு, தனி அறை, ஜன்னலோரம் வெளிச்சமான மேசை. என் பிள்ளைகள் உங்களைப் பெரியப்பா என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அவள் முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. சொந்த வீடு, மாறியிருக்காது. அவசரப்பட்டு ஒன்றும் செய்யவேண்டாம். நான் யோசித்துச் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

வந்தது. படிக்க மூன்று நாள் ஆனது. எழுத்து அப்பிக் கிடக்கிறதே, அதனால்.

நீ ஒரு தடவை படித்தவன், மறந்திருப்பாய். முதல் பத்தியை உனக்காகப் பார்த்து எழுதுகிறேன். இதில் பிழை இருந்தால் திருத்து.

“அப்பா, இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் உங்களுக்குக் கோபம் வரும். உங்கள் நிப் உடைந்துவிட்டது. குட்டி பேனாவைத் தூக்கித் தரையில் குத்திவிட்டாள், நிப்பின் இரண்டு காலும் இரண்டு பக்கம் போய்விட்டன. இங்கே இரண்டு கடையில் காட்டினேன். இடது கைக்கு இப்படித் தீட்ட யாருக்கும் தெரியவில்லை. இது பக்கத்து வீட்டில் வாங்கிய பேனா. பாருங்கள், கையெல்லாம் மை. சின்ன வயதில் மாதிரி. அப்பா, ஒரு நிப் தீட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். தபாலில் வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். கொஞ்சம் வளர்ந்ததும் குட்டிக்கும் எழுத்து ஆரம்பிக்கப்போகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள்.”

தம்பி, உலகத்தில் வேறு எந்த அப்பன் பார்த்திருந்தாலும் அது மை அப்பின கடிதம், அவ்வளவுதான். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பான். நிப் தெரிந்தவன் நான், அதனால் தூக்கி எறிந்தேன். அது என் தப்பு. அதை உன் தலையில் போடமாட்டேன்.

ஆனால் நீ படித்தாய். நிப் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் என் மேசைக்கு வந்து, “அண்ணே, இந்த வக்கீலுக்கு அவசரமா ஒரு நிப்பு தீட்டணுமாம்” என்று வைத்துவிட்டுப் போனாய். நானும் தீட்டினேன்.

இப்போது அவளுக்குத் தீட்டிவிட்டேன். பன்னிரண்டு நாள். முன்னைப்போல் விரல் நிற்கவில்லை, நல்ல நிப் இரண்டு வீணாகப் போனது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடது கையாலேயே எழுதிப் பார்த்தேன். எட்டு போடவில்லை, அவள் பெயரை எழுதினேன். என் இடது கை எழுத்துக்கும் வலது கை எழுத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நர்ஸம்மா சிரித்துவிட்டார். ஆனால் கை ஓரத்தில் மை படவில்லை.

நேரில் போகப் பயமாக இருந்தது. பதிவுத் தபாலில் நிப்பும் மூன்று பக்கக் கடிதமும் அனுப்பிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். வரலாமா என்று கேட்டிருக்கிறேன். உறையில் முகவரி நானே எழுதினேன். தபால் அலுவலகத்தில் இருந்த பெண் எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் மறந்துபோனது.

அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேனே, அதற்குள் அனுப்பிவிட்டீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து ஒரு குடும்பத்துக்குள் போகும்போது நடுவில் பேச ஒருவர் வேண்டாமா? நானே அவளைப் போய்ப் பார்த்து, பக்குவமாகச் சொல்லியிருப்பேன்.

மூன்று பக்கத்தில் என்னைப் பற்றி என்ன எழுதினீர்கள்? தப்பாக ஒன்றும் எழுதியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவளிடமிருந்து பதில் வந்தால் தயவுசெய்து பிரிக்கவேண்டாம். நான் அடுத்த மாதம் அங்கே வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அவள் கோபத்தில் ஏதாவது எழுதியிருப்பாள், இல்லாததும் பொல்லாததும் இருக்கும். நீங்கள் தனியாக இருக்கும்போது அதைப் படிக்கவேண்டாம். நெஞ்சு தாங்காது. பழையபடி நான் படிக்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

முழங்கால் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். மனம் சரியில்லை.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 23

தம்பிக்கு,

பதில் வந்தது. பிரித்தேன். தனியாகத்தான் படித்தேன்.

கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறாள். கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ‘அ’வும் ஒரே மாதிரி, அழுத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை. கோபமாக அடித்தாளா, அழுதுகொண்டு அடித்தாளா, தெரியாது. எழுத்து சொல்வதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். எனக்கு அது புது விஷயம்.

“வணக்கம்” என்று ஆரம்பித்திருக்கிறாள். அப்பா என்று இல்லை.

“நிப் வந்தது. நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. வேலையெல்லாம் கம்ப்யூட்டரில்தான். யாருக்காவது உதவட்டும் என்று திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் சொல்லி எழுதியதா, சித்தப்பாவே எழுதியதா, எனக்கு இப்போது இரண்டும் ஒன்றுதான். வாசல் வழியாக எத்தனை பேர் போயிருப்பார்கள். யாரையாவது கூப்பிட்டு இதைப் படிங்க என்று நீங்கள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. குட்டிக்கு இருபத்து நான்கு வயது. அவளுக்குத் தாத்தா இல்லை என்றே சொல்லி வளர்த்துவிட்டேன். வரவேண்டாம்.”

‘சித்தப்பாவே எழுதியதா’ என்று இருக்கிறதே, அது என்ன என்று எனக்கு முதலில் புரியவில்லை. உறையைக் கவிழ்த்தேன். நிப் விழுந்தது. நான்காய் மடித்த ஒரு பழைய தாளும் விழுந்தது.

“உனக்குத் தீட்ட என்னிடம் நிப் இல்லை. இனிமேல் இந்தக் கடைக்கு எழுதாதே. இப்படிக்கு அப்பா.” கீழே, நான் சொல்லி நீ எழுதுகிற கடிதங்களில் கையெழுத்துக்குப் பதிலாக நான் போடுவேனே, அந்த எட்டு. மூன்று எட்டு.

தம்பி, நான் கோட்டைத் தப்பாகப் படிப்பவன்தான். ஆனால் இந்தத் தாளில் எழுதியிருப்பது நான் உனக்குத் தீட்டிக் கொடுத்த நிப். கீழ்வாட்டில் பட்டையாகவும் பக்கவாட்டில் மெல்லிசாகவும் இறங்கும், கடைப் பலகையில் விலை எழுத வசதியாக இருக்கும் என்று கேட்டு வாங்கினாய். அந்த எட்டில் என் கை இல்லை. மூன்றாவது எட்டு நடுவில் ஒட்டவே இல்லை. அவளுக்கு அது தெரியவில்லை. என்னைப் போலவே அவளும் பார்த்தவுடன் நம்பிவிட்டாள்.

வரிகளைத் தாண்டினேன் என்றாய், படித்துச் சொல்லாமல் இருந்தேன் என்றாய். அதையெல்லாம் உன் மூன்று பிள்ளைகளை நினைத்து நான் விழுங்கப் பார்த்தேன். பதிலும் எழுதினேன் என்று நீ எந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை. பதிலைப் பிரிக்காதே, சேர்ந்து பார்ப்போம் என்று நீ எழுதியது ஏன் என்று இப்போது புரிகிறது. உன்னிடம் படிக்கக் கொடுத்திருந்தால் இந்தத் தடவை என்ன மழை பெய்திருக்குமோ.

அந்தத் தாளை உனக்கே அனுப்புகிறேன். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பிழையில்லாத தமிழ்.

நேற்றோடு பின் மேசையைக் காலி செய்துவிட்டேன். உன் மகனிடம் காரணம் சொல்லவில்லை, அவன் நல்லவன். “பெரியப்பா, நீங்க போயிட்டா வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது?” என்று கேட்டான். “உங்கப்பாவைக் கேளு, நல்லாச் சொல்லுவாரு” என்றேன். நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறேன். மேசை சின்னது, வெளிச்சம் போதும். நீ வரவேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள்.

எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தம்பி, என்னை வேண்டாம் என்று என் மகள் சொன்னதை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நானே படித்தேன். நடுவில் யாரும் இல்லை. ஒரு வரியும் விட்டுப்போகவில்லை. அவள் மனதில் எனக்கு இருக்கிற இடம் இதுதான் என்று அவள் வாயாலேயே தெரிந்துகொண்டேன். கெட்ட சேதிதான். ஆனாலும் அது என் சேதி.

அவள் கடிதத்தை மறுபடியும் மறுபடியும் விரல் வைத்துப் பார்த்தேன். வரவேண்டாம் என்று இருக்கிறது. எழுதவேண்டாம் என்று எங்கும் இல்லை.

புதுத் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் எழுதுவேன், அதற்கு அடுத்த வாரமும் எழுதுவேன். உனக்கு இல்லை.

அண்ணன்